ஆட்டினா உடைஞ்சிடும் கிலுகிலுப்பை: எகிப்தின் ஒரு நீலத் துண்டு

இந்த எபிசோடின் கதாநாயகி, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு உடைந்த துண்டு. நிறம் நீலமா பச்சையா என்று வீட்டில் சண்டையே போடலாம். மயில்கழுத்து நிறத்தைக் கொஞ்சம் வெளிறவிட்டால் வருமே, அது. அதில் ஒரு பெண் முகம். அகலமான முகம், நேராக நம்மைப் பார்க்கிறது. முடி கனமாக இரண்டு பக்கமும் இறங்குகிறது. காதைப் பார்த்தால்தான் திக்கென்று இருக்கும்: மாட்டுக் காது. தலைக்கு மேலே ஒரு குட்டிக் கட்டடத்தின் அடிப்பாகம் தெரிகிறது. அதற்கு மேல் உடைந்துவிட்டது. கீழே கைப்பிடியும் இல்லை.

மியூசியம் கேட்டலாக்கில் இந்த மாதிரி பொருளுக்கு ஒரு வரி இருந்தாலே அதிகம்: சிஸ்ட்ரம் துண்டு, ஃபயான்ஸ், புதிய அரசுக் காலம், சினாய். லண்டனில் பிரிட்டிஷ் மியூசியம், பெட்ரி மியூசியம் இரண்டிலும் இதே சாயலில் துண்டுகள் இருக்கின்றன. துட்டன்காமுன் முகமூடியைப் பார்க்க வரிசையில் நிற்கிற கூட்டம் இதைத் தேடிப் போகாது.

சிஸ்ட்ரம் என்றால் இசைக்கருவி. பாட்காஸ்ட் என்றால் முழுக்க ஒலி. அப்போ இதோட சத்தத்தைப் போட்டுக் காட்டுங்களேன் என்று நீங்க கேட்கலாம். முடியாது. உடைந்ததால் மட்டும் முடியாமல் போகவில்லை. முழுசாக இருந்த காலத்திலேயே இந்த வகைக் கருவிகளை யாரும் வேகமாக ஆட்டியிருக்க மாட்டார்கள் என்றுதான் ஆய்வாளர்கள் பலரும் நினைக்கிறார்கள். ஆட்டினால் உடைந்துவிடும் பொருளில் செய்திருக்கிறார்கள்.

எனக்கு இதுதான் மண்டைக்குள் குடைந்தது. வாசிக்கவே முடியாத ஒரு இசைக்கருவியை எதற்குச் செய்ய வேண்டும்? செய்ததையும் பாலைவனத்தைத் தாண்டி ஒரு மலை மேல் தூக்கிக்கொண்டு போய் எதற்கு வைக்க வேண்டும்?

முதலில், சிஸ்ட்ரம்னா என்ன?

குழந்தைக்கு வாங்கிக் கொடுக்கிற கிலுகிலுப்பையை நினைத்துக்கொள்ளுங்க. ஒரு கைப்பிடி. அதற்கு மேல் ஒரு சட்டம். சட்டத்தின் குறுக்கே இரண்டு மூன்று உலோகக் கம்பிகள் தளர்வாகச் செருகியிருக்கும். சில கருவிகளில் கம்பிகளில் சின்னச் சின்னத் தகடுகளும் கோர்த்திருக்கும். ஆட்டினால் கம்பியும் தகடும் சட்டத்தில் மோதி ஒலி வரும். அவ்வளவுதான் மெக்கானிசம்.

எகிப்தில் இதில் இரண்டு மாடல். ஒன்று, வளைவாக லாடம் மாதிரி இருப்பது. இன்னொன்று, சட்டம் இருக்கும் இடத்தில் ஒரு குட்டிக் கோயில் கருவறை இருப்பது. நம்ம துண்டு இரண்டாவது வகை. தலைக்கு மேல் தெரிகிற அந்தக் கட்டடம்தான் கருவறை. முகம், ஹாத்தோர் என்ற தெய்வத்தின் முகம். இசை, நடனம், போதை, காதல், தாய்மை எல்லாமே அவள் இலாகா. பசு அவளுடைய விலங்கு, அதனால்தான் அந்தக் காது. எகிப்திய ஓவியங்களில் முகங்களைப் பக்கவாட்டில் வரைவதுதான் வழக்கம் என்று பள்ளிப் புத்தகத்திலேயே பார்த்திருப்போம். ஹாத்தோர் அந்த வழக்கத்துக்கு விதிவிலக்கு. அவளை நேர்முகமாகக் காட்டுவார்கள்.

சிஸ்ட்ரம் என்பது கிரேக்கர்கள் வைத்த பெயர். 'ஆட்டு, குலுக்கு' என்று பொருள்படும் வினையிலிருந்து வந்தது. எகிப்தியர்கள் சொன்ன பெயர்களில் ஒன்று 'செஷெஷெத்'. ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. செஷ்-ஷெஷ்-ஷெத். தமிழில் சலசல, கலகல என்று இரட்டைக்கிளவி இருக்கிறதே, அதே வேலை. ஒலியே பெயராகிவிட்டது. நைல் கரையில் வளரும் பாப்பிரஸ் நாணல் காற்றில் உரசும்போது வரும் ஓசையையும் இதையும் இணைத்துச் சொல்வார்கள். ஹாத்தோர் நாணல் புதருக்குள்ளிருந்து பசுவாக வெளியே வருவதுபோல எகிப்தியர்கள் வரைந்த காட்சிகள் உண்டு.

இன்னொரு சுவாரசியம். ஆறாவது அரச வம்சத்தைத் தொடங்கிய டெட்டி என்ற அரசன், சுமார் 4,300 ஆண்டுகளுக்கு முன்னால் ஆண்டவன். அவன் பெயர் பொறித்த ஒரு சிஸ்ட்ரம் நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் இருக்கிறது. அவன் அம்மாவின் பெயர் செஷெஷெத். அவளுடையது என்று கருதப்படும் பிரமிடு 2008-ல் சக்காராவில் கண்டுபிடிக்கப்பட்டது. டெட்டியின் அந்த சிஸ்ட்ரம் எதில் செய்தது தெரியுமா? அலபாஸ்டர் என்கிற கல்லில். ஆக, ஆட்டுவதற்கு வசதிப்படாத பொருளில் சிஸ்ட்ரம் செய்யும் பழக்கம் ரொம்பப் பழசு.

களிமண் இல்லாத பீங்கான்

இப்போ ஃபயான்ஸ். இந்தப் பெயரே ஒரு தவறான லேபிள். இத்தாலியில் ஃபயென்ஸா என்ற ஊர் மெருகேற்றிய மண்பாண்டங்களுக்குப் பேர் போனது. எகிப்தின் பளபளப்பான நீலப் பொருட்களைப் பார்த்த ஐரோப்பியர்கள் அதே பெயரை இதற்கும் ஒட்டிவிட்டார்கள். எகிப்திய ஃபயான்ஸில் களிமண் முக்கியப் பொருளே கிடையாது. அது பெரும்பாலும் பொடி செய்த குவார்ட்ஸ் அல்லது மணல். 90 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா. அதோடு கொஞ்சம் சுண்ணாம்பு, கொஞ்சம் சோடா உப்பு, நிறத்துக்குத் தாமிரம்.

சிலிக்காவைத் தனியாக உருக்க வேண்டுமென்றால் சுமார் 1,700 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்தக் கால உலைக்கு அது எட்டாத உயரம். சோடா உப்பு சேர்ந்தால் உருகும் வெப்பம் தடாலென்று இறங்கும். 800-லிருந்து 1,000 டிகிரிக்குள் வேலை முடிந்துவிடும்.

இதில் எனக்குப் பிடித்த பகுதி, மெருகு எப்படி வருகிறது என்பது. ஃபயான்ஸுக்கு மெருகேற்ற மூன்று வழிகள் உண்டு. அதில் ஒன்று தானாகவே நடக்கும். உப்புத் தண்ணீர் ஊறிய சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதைப் பார்த்திருப்பீங்க. அதே விஷயம்தான். குழைத்த கலவையை அச்சில் அழுத்தி உருவம் எடுத்துக் காயவிடுகிறார்கள். தண்ணீர் ஆவியாகும்போது உள்ளே கரைந்திருந்த உப்பையும் தாமிரத்தையும் மேலே இழுத்துக்கொண்டு வருகிறது. மேற்பரப்பில் உப்புப் பூக்கிறது. சூளையில் வைத்தால் அந்தப் பூத்த உப்பு உருகிக் கண்ணாடிப் படலமாகிறது. யாரும் பெயின்ட் அடிக்கவில்லை. பொருள் தன் உள்ளிருந்தே தன் மினுமினுப்பைத் தள்ளிவிடுகிறது.

எகிப்தியர்கள் இதை 'ட்ஜெஹெனெத்' என்று கூப்பிட்டார்கள். மின்னுவது, ஒளிர்வது என்று பொருள். மெட் மியூசியத்தின் செல்லப்பிள்ளை 'வில்லியம்' என்ற நீல நீர்யானை பொம்மை இருக்கிறதே, அதுவும் ஃபயான்ஸ்தான். விலை உயர்ந்த டர்க்காய்ஸ் கல்லுக்கு மலிவான மாற்று என்று இதை எழுதுகிறவர்கள் உண்டு. அது பாதி உண்மை. அரசர்களே இதை விரும்பினார்கள். ஜோசர் மன்னனின் படிப் பிரமிடுக்குக் கீழே அறைச் சுவர்களில் ஆயிரக்கணக்கான ஃபயான்ஸ் ஓடுகள் பதித்திருக்கின்றன. கவரிங் நகை என்று யாராவது அரசனுக்குக் கல்லறை கட்டுவார்களா? அவர்களுக்கு முக்கியம் அந்த ஒளி. ஒளிர்வது உயிர்ப்பு, மறுபிறப்பு.

ஆனால் மேலே கண்ணாடி, உள்ளே இறுக்கிப் பிடித்த மணல். தட்டினால் சில்லு தெறிக்கும். அந்தச் சட்டத்துக்குள் உலோகக் கம்பி போட்டு ஆட்டினால் எவ்வளவு நேரம் தாங்கும்? கற்பனை பண்ணிக்கோங்க.

கோபக்காரியைச் சமாதானப்படுத்துவது

சரி, எதற்காக இதை ஆட்டினார்கள்? அதற்கு ஒரு கதை தெரிந்திருக்க வேண்டும். 'வானப் பசுவின் நூல்' என்று நாம் அழைக்கும் ஒரு பழைய எழுத்து, முதலாம் சேத்தி உட்படச் சில அரசர்களின் கல்லறைகளில் இருக்கிறது. துட்டன்காமுனின் தங்கக் கூடு ஒன்றிலும் அதன் ஒரு பகுதி உண்டு.

சூரியத் தெய்வம் ராவுக்கு வயதாகிவிட்டது. மனிதர்கள் அவனுக்கு எதிராகச் சதி செய்கிறார்கள். ரா தன் கண்ணை ஹாத்தோர் வடிவில் கீழே அனுப்புகிறான். அவள் கொல்ல ஆரம்பிக்கிறாள். ரத்தத்தில் ருசி கண்டுவிடுகிறாள். ராவுக்கே பயம் வந்துவிடுகிறது, இவள் ஒருவரையும் மிச்சம் வைக்க மாட்டாள் என்று. 7,000 ஜாடி பியர் காய்ச்சச் சொல்லி, அதில் சிவப்பு நிறத்தைக் கலந்து, இரவோடு இரவாக வயல்களில் வெள்ளமாக ஊற்ற வைக்கிறான். காலையில் வந்தவள் அதை ரத்தம் என்று நினைத்துக் குடிக்கிறாள். போதை ஏறுகிறது. எதற்கு வந்தோம் என்பதே மறந்துபோகிறது. மனித இனம் பிழைக்கிறது.

இப்போ அந்தத் துண்டில் இருக்கிற முகத்தைத் திரும்ப நினைத்துப் பாருங்க. அமைதியாக இருக்கிறாள். ஆனால் அந்த அமைதி நிரந்தரம் என்று எகிப்தியர்கள் நம்பவில்லை. ஹாத்தோரின் இன்னொரு பக்கம் செக்மெத், சிங்கமுகத்தாள். அவளைத் தினமும் சாந்தமாக வைத்திருக்க வேண்டியிருந்தது. கோயில் சுவர்களில் அரசனோ அரசியோ பூசைப் பெண்களோ அவள் முன்னால் சிஸ்ட்ரம் ஆட்டுவதை மறுபடி மறுபடி செதுக்கியிருக்கிறார்கள். அந்த 'செஷ்-ஷெஷ்' அழுகிற குழந்தைக்கு ஆட்டும் கிலுகிலுப்பைதான். ஒரே வித்தியாசம், இந்தக் குழந்தைக்குக் கோபம் வந்தால் உலகம் அழியும்.

ஆட்டியவர்கள் யார்? சிகாகோவில் மெரெசாமுன் என்ற ஒரு பெண்ணின் மம்மி இருக்கிறது. சுமார் கி.மு. 800, தீப்ஸ் நகரத்தில் ஆமுன் கோயிலின் பாடகி. 1920-ல் வாங்கப்பட்ட அவள் பெட்டி இன்றுவரை திறக்கப்படவில்லை, சி.டி. ஸ்கேன் மட்டும் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இறந்தபோது வயது சுமார் 30. கிட்டத்தட்ட என் வயது, உங்களில் பலரின் வயது. தெய்வத்தை நல்ல மூடில் வைத்திருப்பது அவளுக்கு உத்தியோகம், குடும்ப கௌரவம். சிஸ்ட்ரம் அந்த உத்தியோகத்தின் கருவி.

இங்கே என் முதல் கேள்விக்குப் பாதி பதில் வந்துவிடுகிறது. உத்தியோகத்தில் இருப்பவர் நேரில் வந்து ஆட்டலாம். நேரில் இருக்க முடியாதபோது? ஒரு சிஸ்ட்ரத்தைக் கோயிலில் வைத்துவிட்டு வரலாம். அது அங்கேயே, தெய்வத்தின் பக்கத்திலேயே இருக்கும். கை ஓய்ந்தாலும் சமாதானம் ஓயாது. ஒலிக்கிற கருவி ஒரு பூசைக்குத்தான். ஒலிக்காத கருவி நிரந்தரப் பூசைக்கு.

டர்க்காய்ஸ் மலை

இப்போ சினாய்க்குப் போவோம். தென்மேற்கு சினாயில் செராபித் எல்-காதிம் என்று ஒரு மலைமேடு. சுற்றிலும் சிவந்த மணற்பாறை, தண்ணீர் இல்லை, நிழல் இல்லை. பாறைக்குள் டர்க்காய்ஸ் இருந்தது. அதற்காகவே எகிப்திய அரசர்கள் நூற்றுக்கணக்கான ஆட்களையும் கழுதைகளையும் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். மேட்டின் மேல் ஹாத்தோருக்கு ஒரு கோயில். அங்கே அவள் பட்டம் 'டர்க்காய்ஸின் தலைவி'.

அந்த வேலை எப்படி இருந்தது என்று ஒரு அதிகாரி கல்வெட்டாகவே எழுதி வைத்திருக்கிறார். பெயர் ஹர்வெர்ரே. மூன்றாம் அமெனெம்ஹாத் ஆட்சியில், சுமார் 3,800 ஆண்டுகளுக்கு முன்னால் வந்தவர். சீசன் தப்பிய நேரத்தில் வந்து சேர்ந்திருக்கிறார். வெயிலில் மலை தோலைப் பொசுக்குகிறது. அதோடு, இந்தக் கோடையில் கல் கிடைக்கும், ஆனால் நிறம் சரியாக வராது என்று ஆட்கள் சொல்கிறார்கள். தலைநகரில் டெட்லைன் கொடுத்தவருக்கு அது புரியாதே! ஹர்வெர்ரே ஹாத்தோர் மேல் பாரத்தைப் போட்டு வேலையைத் தொடர்கிறார். நல்ல கல் கிடைத்தது, ஆட்களுக்கும் இழப்பில்லை என்று எழுதிவிட்டு, பின்னால் வருகிறவர்களும் மனம் தளர வேண்டாம் என்கிறார். ப்ராஜெக்ட் முடிந்ததும் அடுத்த டீமுக்கு எழுதி வைத்த குறிப்பு மாதிரியே இருக்கிறது.

இந்த மலைக்கு 1904–05 குளிர்காலத்தில் ஃப்ளிண்டர்ஸ் பெட்ரி வந்தார். கோயிலைத் தோண்டியபோது உடைந்த ஃபயான்ஸ் குவியல் குவியலாகக் கிடைத்தது: சிஸ்ட்ரம், கழுத்தணிக் கனப்பட்டைகள், வளையல்கள், கிண்ணங்கள். கிட்டத்தட்ட எல்லாமே நொறுங்கிய நிலையில். பலவற்றில் அரசர் பெயர். பதினெட்டாம் வம்சத்தின் தொடக்கத்திலிருந்து ஆறாம் ராமசேஸ் வரை, ஹட்ஷெப்சுத், மூன்றாம் துத்மோசிஸ், இரண்டாம் ராமசேஸ் எல்லாரும் வருகிறார்கள். சுமார் 400 வருஷம். எந்த அரசன் காலத்தில் ஆள் அனுப்பினார்கள் என்று பார்க்க இந்தத் துண்டுகள் ஒரு லாக் ஃபைல் மாதிரி. ஆறாம் ராமசேஸோடு அந்த லாக் நின்றுவிடுகிறது. சுமார் கி.மு. 1140-க்குப் பிறகு எகிப்திய அரசர்கள் பெயர் அங்கே இல்லை.

கவனிச்சீங்களா? உண்மையான டர்க்காய்ஸை வெட்டி எடுத்துக்கொண்டு போனவர்கள், டர்க்காய்ஸ் நிறத்தில் மனிதர்கள் செய்த பொருளை அவளிடம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். டர்க்காய்ஸ் வெயிலிலும் வெப்பத்திலும் நிறம் மங்கக்கூடியது. ஹர்வெர்ரே பயந்ததே அதற்குத்தான். ஃபயான்ஸ் 3,000 வருஷம் கழித்தும் லண்டன் மியூசியத்தில் நீலமாகவே இருக்கிறது.

யார் பெயர் இருக்கு, யார் பெயர் இல்லை

இந்தத் துண்டுகளில் அரசன் பெயர் இருக்கிறது. மலையைக் குடைந்தவன் பெயர் இல்லை. கழுதை ஓட்டியவன் பெயர் இல்லை. எந்த வரலாற்றிலும் இப்படித்தானே என்று கடந்து போயிருப்பேன். ஆனால் இதே இடத்தில் வேறொன்றும் நடந்திருக்கிறது.

அந்தச் சுரங்கங்களில் எகிப்தியர்கள் மட்டும் வேலை செய்யவில்லை. கானான் பக்கத்திலிருந்து, செமிட்டிக் மொழி பேசியவர்களும் வந்திருந்தார்கள். எகிப்தியக் கல்வெட்டுகளே அவர்களைக் குறிப்பிடுகின்றன. கழுதை மேல் உட்கார்ந்திருக்கும் அவர்களுடைய தலைவர் ஒருவரைச் செதுக்கியும் வைத்திருக்கிறார்கள். பெட்ரியின் குழு கோயிலிலும் சுரங்கப் பக்கங்களிலும் கோணல்மாணலாகக் கீறிய சில குறிகளைக் கண்டது. எகிப்தியச் சித்திர எழுத்துச் சாயல் இருந்தது. ஆனால் எகிப்திய மொழியாகப் படித்தால் பொருள் வரவில்லை.

1916-ல் ஆலன் கார்டினர் ஒரு வழி கண்டுபிடித்தார். திரும்பத் திரும்ப வந்த நான்கு குறிகள்: வீடு, கண், மாடோட்டும் கோல், குறுக்குக் கோடு. செமிட்டிக் மொழியில் வீடு 'பெத்', அதன் முதல் ஒலி ப. கண் 'அயின்'. கோல் 'லமெத்', முதல் ஒலி ல. குறுக்குக் கோடு 'தாவ்', முதல் ஒலி த. ஒன்றாம் வகுப்பில் 'அ - அணில்' என்று படித்தோமே, அதைத் திருப்பிப் போட்டது: அணிலை வரைந்துவிட்டு 'அ' என்று படிக்கச் சொல்வது. சேர்த்துப் படித்தால் 'பாலாத்'. தலைவி, அம்மையார் என்று பொருள்.

கோயிலில் கிடைத்த ஒரு சின்ன ஸ்ஃபிங்ஸ் சிலை இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதில் எகிப்திய எழுத்தில் ஹாத்தோர், டர்க்காய்ஸின் தலைவி என்று வருகிறது. அதே சிலையில் இந்தக் கோணல் எழுத்தில் பாலாத் என்று வருகிறது. ஒரே தெய்வம், இரண்டு மொழி.

இந்த எழுத்துகளின் வயது சுமார் 3,500-லிருந்து 3,850 வருஷத்துக்குள் என்று அறிஞர்கள் வேறு வேறு கணக்குச் சொல்கிறார்கள். எப்படி இருந்தாலும், நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய அகரவரிசை எழுத்துகளில் இவையும் அடக்கம். இந்த வழியில்தான் ஃபினீசிய, கிரேக்க, லத்தீன் எழுத்துகள் வந்தன. மாட்டுத் தலையைச் சாய்த்துத் திருப்பிப் போட்டதுதான் ஆங்கிலத்தின் 'ஏ'. நான் தினமும் அடிக்கிற கோடில் அந்த மாட்டுத் தலை எத்தனை தடவை வருகிறது என்று எண்ண முடியாது.

அதனால் அந்த மலையை நினைக்கும்போது எனக்கு இரண்டு காணிக்கைகள் சேர்ந்தே தெரிகின்றன. ஒன்று, அரசாங்கம் அனுப்பிய பளபளக்கும் சிஸ்ட்ரம்: அரசன் பெயர், நேர்த்தியான அச்சு, ஒலி மட்டும் கிடையாது. இன்னொன்று, எழுதப் பள்ளிக்கூடம் போகாத யாரோ கூர்மையான எதையோ வைத்துக் கீறிய நாலு குறி: அழகு கிடையாது, ஆனால் வாயிலிருந்து வரும் ஒலியை அப்படியே பிடித்து வைக்கிறது. இரண்டுமே ஒரே பெண்ணைப் பார்த்து, எங்களைக் காப்பாத்து தாயே என்றுதான் கேட்டிருக்கின்றன.

அந்தச் சத்தம் எங்கே போச்சு?

கடைசியாக, ஒலி. சிஸ்ட்ரம் எகிப்தோடு முடியவில்லை. அலெக்சாண்டரின் தளபதியாக வந்து அரசனான முதலாம் டாலமியின் பெயரிலும் ஒரு ஃபயான்ஸ் சிஸ்ட்ரம் மெட் மியூசியத்தில் இருக்கிறது. டெண்டெராவில் ஹாத்தோர் கோயிலின் முன்மண்டபத்தில் 24 தூண்களும் சிஸ்ட்ர வடிவம். கட்டடமே ஒரு ராட்சதக் கிலுகிலுப்பை. ஐசிஸ் வழிபாட்டோடு கருவி ரோமாபுரிக்கும் போனது. பொம்பேயில் வெண்கல சிஸ்ட்ரங்கள் கிடைத்திருக்கின்றன. புளூட்டார்க், உலகில் எல்லாம் தூங்கிவிடாமல் இருக்க அதைக் குலுக்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதைத்தான் இந்தக் கருவி சொல்கிறது என்று விளக்கம் கொடுத்தார்.

கேட்க ஆசையா? எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் தேவாலயப் பாடல் வீடியோ ஏதாவது ஒன்றைத் தேடிப் பாருங்க. வெள்ளை உடையில், கையில் பிரார்த்தனைக் கோலோடு நிற்பவர்கள் இன்னொரு கையில் உலோகத்தில் ஒன்றை மெதுவாக ஆட்டுவார்கள். அதன் பெயர் 'ட்செனாட்சில்'. சிஸ்ட்ரம் குடும்பத்தில் இன்றும் பூசையில் இருக்கும் உறுப்பினர். இயர்போன் போட்டுக் கேளுங்க. ஒரு ஆள் ஆட்டினால் கம்பிச் சத்தம்தான். பத்து இருபது பேர் சேர்ந்து ஆட்டும்போது அது நாணல் உரசுகிற மாதிரி ஆகிவிடும்.

அடுத்த முறை ஏதாவது மியூசியத்தில் 'துண்டு' என்று மட்டும் எழுதிய ஒரு நீலப் பொருளைப் பார்த்தால், இரண்டு நிமிஷம் நில்லுங்க. காது மாட்டுக் காதா என்று பாருங்க. ஆமாம் என்றால், அவள் பெயர் உங்களுக்குத் தெரியும்.